கம்பிக்குள் ஒரு கணக்கு

வீடு கட்டும் இடங்களில் குவித்து வைக்கப்பட்டிருக்கும் டி.எம்.டி. கம்பி, வெளியிலிருந்து நடுப்பகுதி வரை ஒரே இரும்பாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி வளர்ந்த இரண்டு உலோகங்களைப் போல நடந்துகொள்கிறது. கம்பியைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை நன்றாகத் தேய்த்து மெருகேற்றி, சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைப் பூசினால், ஓரத்தில் கருத்த வளையமும் நடுவில் வெளிறிய வட்டமும் சில நொடிகளில் தனித்தனியே தெரியவரும். இரண்டின் வேதிச் சேர்மானமும் ஒன்றுதான். அதே இரும்பு, அதே கரி, அதே மாங்கனீசு. ஆயினும் வளையம் கடினமானதாகவும் நடுப்பகுதி வளைந்துகொடுப்பதாகவும் இருக்கின்றன. வேறுபாடு பொருளில் இல்லாமல் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. நுண்ணோக்கியின் வழியே மட்டும் புலப்படும் இந்த உள்ளடுக்கையே உலோகவியலார் நுண்ணமைப்பு என்கின்றனர். அதை அறிந்துவிட்டால், உலோகம் எவ்வளவு இழுவையைத் தாங்கும், எங்கே நெளியும், எப்போது அறும் என்பதைக் கம்பியைத் தொடாமலே கணினியில் கணக்கிட்டுவிட முடியுமா என்பது, இன்றைய உலோகவியலின் பெரும் முயற்சிகளுள் ஒன்று.

உலோகம் என்பது படிகங்களின் தொகுப்பு. கற்கண்டைப் போலவோ உப்பைப் போலவோ அது பளிச்சென்று முகங்களைக் காட்டாததால் படிகம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் நாகம் பூசிய இரும்பு வாளியின் மேல் பூப்பூவாகத் தெரியும் திட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நாகப் படிகமே. சாதாரண எஃகில் இத்தகைய திட்டுகள் மயிரிழையின் தடிமனைவிடச் சிறியவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றைப் படிகமணிகள் அல்லது சுருக்கமாக மணிகள் என்று சொல்லலாம். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் ஒரே திசையில் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அடுத்த மணியில் அவ்வரிசை வேறு திசைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மணி எல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, பாறைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்துவந்த பழக்கத்தில், 1863-64ஆம் ஆண்டுகளில் மெருகேற்றி அமிலம் தொட்ட எஃகையும் அவ்வாறே பார்த்தார். நுண்ணமைப்பு ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

அமைப்பைப் பார்ப்பது ஒன்று, அதிலிருந்து வலிமையைக் கணக்கிடுவது வேறொன்று. ரஷ்ய இயற்பியலாளர் யாக்கோவ் ஃபிரெங்கெல் 1926இல், குறையே இல்லாத ஒரு படிகத்தில் ஓர் அணு அடுக்கு முழுவதையும் அடுத்த அடுக்கின் மேல் ஒரே மூச்சில் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார். கிடைத்த விடை, ஆய்வகத்தில் உண்மையான தூய உலோகப் படிகங்கள் நெளிந்த அளவைப்போல ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. அவ்வளவு பெரிய வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாது. படிகம் அப்படி நகர்வதே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். 1934இல் ஜி. ஐ. டெய்லர், மைக்கேல் போலானி, ஈகான் ஒரோவான் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தனர். கூடம் நிறைய விரித்த கனத்த ஜமக்காளத்தை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைக் காலால் மறுகோடி வரை தள்ளிக்கொண்டு போனால் ஜமக்காளம் முழுவதும் ஒரு சாண் நகர்ந்துவிடும். படிகத்திலும் அத்தகைய சுருக்கங்கள் கோடுகோடாக ஓடுகின்றன. அணு வரிசையில் ஓர் அரைத்தளம் பாதியில் நின்றுபோவதால் உண்டாகும் இந்தக் கோட்டுக் குறைக்கு இடப்பிறழ்வு என்று பெயர். பொறியாளர் வழக்கில் டிஸ்லொகேஷன். 1956இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் அவருடைய குழுவினரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் அலுமினியத் தகட்டில் இக்கோடுகள் நகர்வதை நேரில் காணும் வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் இது பெரும்பாலும் தாளில் வாழ்ந்த கருத்தாகவே இருந்தது.

இக்கோடுகளின் அளவு வியப்பூட்டுவது. நன்றாக அடித்தோ முறுக்கியோ வேலை வாங்கப்பட்ட உலோகத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்குள் அடங்கியிருக்கும் இடப்பிறழ்வுகளை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் அதன் நீளம் ஏறத்தாழ 10 லட்சம் கிலோமீட்டர் வரை போகும்; நிலவுக்குப் போய்த் திரும்பிய பிறகும் மிச்சம் இருக்கும். அவை பெருகப் பெருக ஒன்றின் வழியை ஒன்று மறித்துக்கொள்வதால் உலோகம் இறுகுகிறது. அடர்த்தி நான்கு மடங்கானால் அதனால் கூடும் வலிமை இரண்டு மடங்காகும் என்ற வர்க்கமூல உறவையும் டெய்லரே காட்டினார். முந்தைய தலைமுறை வீடுகளில் போட்ட முறுக்குக் கம்பி வலிமை பெற்றது இந்த வழியில்தான்: குளிர்ந்த நிலையில் முறுக்கி, உள்ளே இடப்பிறழ்வுகளைப் பெருக்கி, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் செய்தனர். கூடவே அது நீளும் தன்மையில் ஒரு பங்கை இழந்தது. டி.எம்.டி. கம்பி வலிமை பெறும் வழி வேறு. ஆனாலும் பல ஊர்களில் அதற்கும் முறுக்குக் கம்பி என்ற பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இடப்பிறழ்வை நிறுத்தும் மற்றொரு தடை மணி எல்லை. ஒரு மணிக்குள் ஓடிவந்த கோடு, அடுத்த மணியில் அணு வரிசை திசைமாறியிருப்பதால் எல்லையில் முட்டி நிற்கிறது. எனவே மணிகள் சிறியனவாக இருந்தால் தடைகள் நெருங்கியிருக்கும், உலோகம் வலுக்கும். ஷெஃபீல்டின் ஈ. ஓ. ஹால் 1951இலும், லீட்ஸின் என். ஜே. பெட்ச் 1953இலும் வெளியிட்ட விதி இதை ஒரே வரியில் சொல்கிறது: வலிமையின் ஒரு பகுதி மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். மென்னெஃகுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மாறிலிகளைக் கொண்டு பார்த்தால், மணியின் விட்டம் 100 மைக்ரான் என்றால் எஃகு ஏறத்தாழ 145 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நெளியத் தொடங்கும். 25 மைக்ரான் என்றால் 220. 4 மைக்ரான் என்றால் 440. மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் விசை, அதாவது சுமார் 100 கிராம் எடையின் அழுத்தம். நிரந்தர நெளிவு தொடங்கும் இந்த அளவைப் பொறியாளர்கள் ஈல்டு வலிமை என்கின்றனர். கம்பியின் மேல் பொறிக்கப்படும் 500 என்ற எண் குறிப்பது இதையே. 16 மி.மீ. கம்பியின் வெட்டுமுகம் சுமார் 201 சதுர மி.மீ.; ஆகவே அக்கம்பி ஏறத்தாழ 10 டன் எடையைத் தொங்கவிட்டாலும் எடையை எடுத்த பின் பழைய நீளத்துக்கே திரும்ப வேண்டும்.

மணியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் வலிமை கூடிக்கொண்டே போகுமா? இக்கேள்விக்குத் தெளிவான விடை தந்ததில் கணினிக்குப் பெரும் பங்கு உண்டு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஷியோட்ஸும் கார்ஸ்டன் யாக்கப்ஸனும் செம்பு அணுக்களைக் கணினிக்குள் அடுக்கி, மிகச் சிறு மணிகளாக்கி, அவற்றை இழுத்துப் பார்த்தனர். மணி 10 முதல் 15 நானோமீட்டர் வரை வந்ததும் வலிமை உச்சத்தைத் தொட்டு, அதற்குக் கீழே உலோகம் மறுபடி இளகியது. மணிக்குள் இடப்பிறழ்வு ஓட இடமில்லாமல், எல்லைகளே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கியதே காரணம். 1998இலும் 2003இலும் வெளியான இம்முடிவுகள், கணினி தெரிந்ததைச் சரிபார்க்கும் கருவி மட்டுமன்று என்பதற்கு நல்ல சான்று.

டி.எம்.டி. கம்பியின் கதைக்குத் திரும்பலாம். இம்முறை 1970களில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் டெம்ப்கோர் என்ற பெயரில் உருவானது. உருட்டாலையின் கடைசி உருளையிலிருந்து ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் சூட்டில் வெளிவரும் கம்பி, பீறிடும் தண்ணீர்க் குழாய்களின் ஊடே ஏறக்குறைய ஒரு நொடியில் பாய்ந்து போகிறது. கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் தோய்ப்பதும் இதுவே. ஆனால் அரிவாள் தண்ணீரிலேயே குளிர்கிறது, கம்பியோ நடுப்பகுதி கனன்றுகொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் மேற்புறம் மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான, எளிதில் விண்டுபோகும் அமைப்பாக மாறியிருக்கும். பிறகு உள்ளே மிஞ்சிய சூடு வெளியே கசிந்துவந்து, அந்த வளையத்தை ஏறத்தாழ 600 பாகைக்குச் சூடாக்கி அதன் விறைப்பைத் தணிக்கிறது. நடுப்பகுதி மெல்லக் குளிர்ந்து, ஃபெரைட் என்னும் மென்மணிகளும், இரும்பும் இரும்புக் கார்பைடும் மெல்லிய தகடுகளாக மாறிமாறி அடுக்கிய பெர்லைட்டும் சேர்ந்த கலவையாகிறது. ஒரு கம்பியின் தன்மை முழுவதும் அந்த ஒரு நொடியிலும் அதைத் தொடரும் சில நொடிகளிலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இதைக் கணினியில் எழுதுவோர் கம்பியின் ஆரத்தை வெங்காயத்தைப் போல மெல்லிய வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலிருந்தும் அடுத்ததற்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்பதை நொடியின் சிறுசிறு கூறுகளாகக் கணக்கிடுகின்றனர். எந்த வளையம் எந்த நேரத்தில் எந்தச் சூட்டில் இருந்தது என்பது கிடைத்ததும், அங்கே என்ன அமைப்பு பிறக்கும் என்பதை வேறு சமன்பாடுகள் சொல்லுகின்றன. மார்ட்டென்சைட்டுக்கு 1959இல் கோய்ஸ்டினனும் மார்பர்கரும் தந்த எளிய சூத்திரம் இன்றளவும் பயன்படுகிறது. அதன்படி, மார்ட்டென்சைட் பிறக்கத் தொடங்கும் சூட்டுக்குக் கீழே 100 பாகை இறங்கினால், அந்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாறி முடிந்திருக்கும். மெல்லப் பிறக்கும் ஃபெரைட்டுக்கும் பெர்லைட்டுக்கும், நேரத்தையும் சூட்டையும் இணைக்கும் அவ்ராமியின் சமன்பாடு உதவுகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமான இடத்தில் நிற்கிறது என்பதை ஒரு சிறு கூட்டலாலேயே காணலாம். 16 மி.மீ. கம்பியில் வளையத்தின் தடிமன் 1.5 மி.மீ. என்று கொண்டால், வெட்டுமுகத்தில் 34 விழுக்காடு வளையத்துக்கும் 66 விழுக்காடு நடுப்பகுதிக்கும் போகும். எடுத்துக்காட்டாக வளையத்தின் ஈல்டு வலிமையை 750 மெகாபாஸ்கல் என்றும் நடுப்பகுதியுடையதை 400 என்றும் வைத்து, இரண்டையும் அவற்றின் பங்குப்படி சேர்த்தால் முழுக் கம்பிக்கு ஏறத்தாழ 519 வருகிறது. கம்பி 500 தரத்தில் தேறிவிடும். தண்ணீரின் வேகம் சற்றுக் குறைந்து வளையம் 1.2 மி.மீ. ஆகிவிட்டால், அதே கூட்டல் 497 என்று முடிகிறது, கம்பி தேறாது. நடுவே உள்ள வேறுபாடு 0.3 மி.மீ. மட்டுமே, அதாவது மூன்று தாள்களின் தடிமன். ஆலையில் எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இத்தகைய மாதிரி பெரிதும் கைகொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் டன் கணக்கில் உருட்டிப் பார்த்துக் கழிப்பதைவிடக் கணினியில் நூறு முறை உருட்டிப் பார்ப்பது மலிவு.

ஆனால் மேலே கண்ட 750, 400 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் கணக்கு ஒரு படி உள்ளே இறங்கியாக வேண்டும். அங்கே கையாளப்படுவது சில நூறு மணிகளைக் கொண்ட ஒரு கற்பனைக் கனசதுரம். உலோகம் முழுவதற்கும் அது ஒரு பிடிச் சோறு. அதற்குள் புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள இடம் முழுவதையும் அதற்கே உரிமையாக்கினால் மணிகளைப் போன்ற பலமுகத் துண்டுகள் கிடைக்கின்றன. கணிதவியலாளர் வொரொனோயின் பெயரால் வழங்கும் பிரிப்பு இது. அல்லது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்த உண்மையான மணிகளையும் அவற்றின் திசைகளையும் அப்படியே உள்ளே ஏற்றலாம். படிகம் எல்லாத் திசையிலும் நழுவுவதில்லை. அலுமினியம், செம்பு போன்றவற்றில் குறிப்பிட்ட தளங்களும் அவற்றின் மேல் குறிப்பிட்ட திசைகளும் சேர்ந்து 12 நழுவு வழிகள்தாம் உள்ளன. இழுவிசையோடு தோதாக அமைந்த மணி முதலில் நெளிகிறது, தோதில்லாத மணி விறைத்து நிற்கிறது, பக்கத்து மணியை விட்டு எதுவும் தனியே ஓட முடியாததால் இரண்டும் ஒன்றையொன்று திருப்புகின்றன.

இந்தப் பேரத்தை எப்படித் தீர்ப்பது என்பதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. எல்லா மணிகளும் ஒரே தகைவை, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஒரே அளவு விசையை, சுமக்கின்றன என்று ஜாக்ஸ் 1928இல் கொண்டார். எல்லா மணிகளும் ஒரே அளவு நீள்கின்றன என்று டெய்லர் 1938இல் கொண்டார். இரண்டுமே முழு உண்மை அல்ல. முன்னதில் மணிகளுக்கு இடையே விரிசல் விழும், பின்னதில் எல்லைகளில் விசை சமன்படாது. 1980களின் தொடக்கத்தில் பியர்ஸ், அசாரோ, நீடில்மன் ஆகியோர், பாலம், கட்டடம் போன்றவற்றைக் கணக்கிடப் பொறியாளர்கள் கையாளும் வரம்புறு உறுப்பு முறைக்குள் படிகத்தின் நழுவு வழிகளை நுழைத்தபோதுதான், மணிக்குள்ளேயே ஓர் இடம் இறுகியும் மற்றோர் இடம் இளகியும் இருப்பதைக் கணக்கில் காண முடிந்தது. இன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கிய டமாஸ்க் என்னும் மென்பொருள் இவ்வேலைக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

இம்முறையின் வெற்றிக்குத் தகட்டு வேலையே பொருத்தமான சான்று. வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி டம்ளராக்கும்போது, விளிம்பு சமமாக வராமல் பெரும்பாலும் நான்கு இடங்களில் காதுபோல் எழும்பி நிற்கும். அதை வெட்டி எறிய வேண்டும். உருட்டும்போது மணிகள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கப் பழகியதன் விளைவு அது. குளிர்பானம் அடைக்கும் அலுமினியக் குவளைகள் கோடிக்கணக்கில் செய்யப்படுவதால், காதின் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பெரும் மிச்சம். தகட்டின் மணித் திசைகளை அளந்து கொடுத்தால், காது எங்கே எழும், ஏறத்தாழ எவ்வளவு உயரும் என்பதைப் படிக மாதிரிகள் நன்றாகவே சொல்லிவிடுகின்றன.

அணுவிலிருந்தே தொடங்கி எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரு கன மில்லிமீட்டர் இரும்பில் உள்ள அணுக்கள் 85க்குப் பின்னால் 18 சுழிகள் போட்ட எண். மிகப் பெரிய கணினிகளிலும் அதில் ஒரு துளியைத்தான் கையாள முடியும். காலம் அதைவிடக் கொடிய தடை. அணுக்களின் அதிர்வைத் தவறவிடாமல் தொடர, கணினி ஏறத்தாழ ஒரு ஃபெம்டோநொடிக்கு ஒரு முறை கணக்கிட வேண்டும்; பத்து லட்சம் அடிகள் வைத்தாலும் கடந்திருக்கும் நேரம் ஒரு நானோநொடி, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் ஒரு கம்பியை இழுத்து அறுக்க நிமிடக் கணக்கில் ஆகும். ஆகவே அணுக் கணக்கு இடப்பிறழ்வுக்கும், இடப்பிறழ்வுக் கணக்கு மணிக்கும், மணிக் கணக்கு கம்பிக்கும் சில எண்களைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதேனும் சிந்துகிறது.

இத்துறையின் கட்டுரைகளில் கணினிக் கோடும் சோதனைக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் படங்கள் நிறையக் கிடைக்கும். அவற்றைப் பார்த்து உடனே மயங்க வேண்டியதில்லை. படிக மாதிரியில் இறுகும் வேகம், தொடக்கத் தடை, உச்சத் தடை என்று அரை டஜனோ அதற்கு மேலோ மாறிலிகள் உண்டு. அவற்றில் பலவற்றை நேரடியாக அளக்க வழியில்லாததால், இழுவைச் சோதனையின் கோட்டோடு பொருந்தும் வரை திருகித் திருகி வைக்கின்றனர். அதன் பிறகு கோடு பொருந்துவதில் வியப்பில்லை. வெவ்வேறு எண் தொகுதிகள் அதே கோட்டைத் தரவும் கூடும். ஒரு மாதிரி எதைப் பார்த்துத் திருகப்பட்டதோ அதைத் தவிர்த்து, வேறு திசையில் இழுத்ததையோ வேறு சூட்டில் இழுத்ததையோ சரியாகச் சொன்னால்தான் அது முன்கூட்டிச் சொன்னது ஆகும், மற்றது ஒப்பித்தல்.

ஈல்டு வலிமை சராசரியைச் சார்ந்தது. லட்சக்கணக்கான மணிகளில் சில மோசமாக இருந்தாலும் மற்றவை ஈடுகட்டிவிடும் என்பதால், கணினிக்கு அது கைவரும் பண்பு. அறுவது அப்படியன்று. எஃகில் கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து உண்டாக்கும் மாசுத் துகளைச் சுற்றி முதலில் ஒரு நுண்குழி பிறக்கிறது. இழுக்க இழுக்கக் குழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கம்பியை உள்ளிருந்து அறுக்கின்றன. இங்கே முடிவு செய்வது சராசரி மணி அன்று, மிக மோசமான துகள். கர்சன் 1977இல் குழிகள் வளர்வதற்குத் தந்த சமன்பாடும் பின்வந்தோர் அதில் செய்த திருத்தங்களும் பயன்பட்டாலும், கணினியில் பொருளைப் பிரிக்கும் கட்டங்களைச் சிறிதாக்கினால் கம்பி முன்னதாகவே அறுந்துவிடும் சங்கடம் அவற்றுக்கு உண்டு. அதைச் சரிக்கட்டக் கட்டத்தின் அளவே மற்றொரு திருகு ஆகிவிடுகிறது.

நிலம் அதிரும்போது கட்டடத்தைக் காப்பது இந்த இரண்டாவது பண்புதான். கம்பி அறாமல் நீண்டுகொடுத்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர நேரம் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1786 இதனால்தான் 500, 500டி என்று தனித்தனித் தரங்களை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் ஈல்டு வலிமை ஒன்றே. ஆனால் 500 குறைந்தது 12 விழுக்காடு நீண்டால் போதும், 500டி 16 விழுக்காடு நீள வேண்டும். கந்தகத்துக்கும் பாஸ்பரசுக்கும் அதில் வரம்பு இன்னும் இறுக்கம். 16 மி.மீ. கம்பியில் இந்த நீட்சியை அளக்க எடுத்துக்கொள்ளும் நீளம் 80 மி.மீ.; 12 விழுக்காடு என்பது 9.6 மி.மீ., 16 விழுக்காடு என்பது 12.8 மி.மீ. இடையிலுள்ள 3.2 மில்லிமீட்டரை நம்பத்தக்க வகையில் சொல்லும் கணினி மாதிரி இன்னும் வரவில்லை. அது கம்பியை இழுத்து, அறுத்து, அறுந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து அளந்தே அறியப்படுகிறது. வீடு கட்டுவோர் கம்பியின் மேல் 500 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் அதன் பின்னால் ‘டி’ இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சரக்குக்குரிய சோதனைச் சான்றிதழில் நீட்சி என்ற வரியையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.